விழத் தெரியாத மாஸ்டர்

மாஸ்டரின் குத்து இதுவரை எவர் மூக்கிலும் பட்டதில்லை. அதுதான் அவருடைய பெருமை. எதிரே நிற்பவரின் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் முஷ்டி நின்றுவிடும். காற்று மட்டும் படும். எதிரே நிற்பவர் கண்ணைச் சிமிட்டுவார், வரிசையில் நிற்கும் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். மாஸ்டர் முஷ்டியை இடுப்புக்குத் திருப்பிக்கொண்டே, “படணும்னு நினைச்சிருந்தா பட்டிருக்கும்” என்பார்.

மாஸ்டரின் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் கையில் ரப்பர் பட்டை கட்டி, நரம்பைத் தேடி, ரத்தம் எடுப்பது அவள் தொழில். கணவரின் கலைமேல் அவளுக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. “காலையில எட்டு மணிக்குள்ள ஒரு கூட்டத்தையே நான் குத்தி முடிச்சிட்டேன். நீங்க கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து குத்துறீங்க. ஒருத்தருக்காவது பட்டுச்சா?” என்று கேட்பாள். மாஸ்டர் முஷ்டியைத் தடவிக்கொண்டே நகர்ந்துவிடுவார். ஊசி குத்துகிறவர்களோடு கலையைப் பற்றிப் பேசி என்ன பயன்.

அவருடைய கராத்தே பள்ளி ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மாலை வேளைகளில் பிள்ளைகள் ஒன்றாகக் குதித்தால் கீழே டயர் கடைக்காரரின் தேநீரில் சுண்ணாம்பு உதிரும். அவர் ஒரு நீளமான கம்பியை எடுத்துக் கூரையை இடிப்பார். மாஸ்டர் அதையும் தாளமாக எடுத்துக்கொண்டு எண்ணிக்கை சொல்லுவார். மாடிப்படி ஏறியதும் முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய பலகை. ‘இது முழுமையான கலை. இங்கே பயில்பவர் வேறெங்கும் பயிலக் கூடாது.’

அடுத்த தெருவில் குங்ஃபூ கற்றுக்கொடுத்த மீசை மாஸ்டரிடமும் இதே பலகை இருந்தது, பச்சை எழுத்தில். ரொட்டிக் கடைக்கு மேலே டேக்வாண்டோ நடத்திய உதை மாஸ்டரிடமும் இருந்தது, சிவப்பு எழுத்தில். மூன்றையும் எழுதியவர் ஒரே பெயிண்டர். மீசை மாஸ்டர் கராத்தேயை ‘பலகை உடைக்கிற தச்சு வேலை’ என்பார். உதை மாஸ்டர் குங்ஃபூவை ‘கொசு விரட்டுறது’ என்பார். நம் மாஸ்டர் டேக்வாண்டோவைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். ஒற்றைக் காலில் நின்று காட்டிவிட்டு மெதுவாகச் சிரிப்பார். மூன்று பேருக்கும் நேரில் பார்த்தால் நல்ல மரியாதை.

மாஸ்டருக்கு ஒரே மகள். இடுப்புயரம் இருக்கும்போதே வெள்ளைப் பட்டையைக் கட்டி, பிறகு கறுப்புப் பட்டைக்கு வந்து, சின்னப் பிள்ளைகளின் வகுப்பை அவளே நடத்தும் அளவுக்கு வளர்ந்தவள். பள்ளிக்குள் அவள் அவரை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும், வீட்டில் ‘அப்பா’. அந்த ஒழுங்கு அவளுக்கு ஒருநாளும் தவறியதில்லை. தனக்குப் பிறகு பள்ளி அவள் கையில்தான் என்று மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

ஒருநாள் வகுப்பில் அவள் கையைத் தூக்கி, “மாஸ்டர், கீழ விழுந்துட்டா என்ன பண்றது?” என்று கேட்டாள்.

“நம்ம கலையில விழ மாட்டோம்.”

“தள்ளிவிட்டா?”

“தள்ள வர்றவன் விழுவான்.”

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். மாஸ்டர் அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தார். கொஞ்ச காலம் கழித்து, சாவி தேடுவதற்காக அவள் பையைத் திறந்தபோது, சின்ன நீல டப்பாவில் பல்லுக்கு மாட்டும் ரப்பர் உறை கிடைத்தது. கராத்தேயில், அதாவது யார்மேலும் படாத அவருடைய கராத்தேயில், அதற்கு வேலையே கிடையாது.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். மாஸ்டர் அத்தனை பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“வேற இடத்துல கத்துக்கிறேன் மாஸ்டர். கீழ விழுந்தா சண்டை போடறது” என்றாள் அவள்.

எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்பது கௌரவக் குறைச்சல் என்று பட்டது. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் கேட்டது வேறொன்று. “பட்டையைக் கழட்டி வச்சிட்டுப் போ.” அவள் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தாள். கழற்றினாள், நான்காக மடித்துத் தரையில் வைத்தாள், வணங்கினாள், படியிறங்கிப் போனாள். அவள் செருப்பை மாட்டும் சத்தம் வரை எல்லாருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் மாடி ஏறவில்லை. வீட்டில் பேச்சு இருந்தது. “சாப்பாடு ரெடி.” “தண்ணி வரலை.” “கதவைச் சாத்துங்க.” ஆனால் எந்த வாக்கியத்திலும் ‘அப்பா’ இல்லை. மாஸ்டர் முதலில் அதைக் கவனிக்காததுபோல் இருந்தார். பிறகு அந்த ஒரு சொல்லுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார ஆரம்பித்தார். வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் பலகை என்ன ஆவது?

மனைவி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். “மூக்குக்கு முன்னாடி கையை நிறுத்தத் தெரியுது. வாயை நிறுத்தத் தெரியலையே உங்களுக்கு.” மாஸ்டர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த லட்சணத்தில்தான் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் அப்பா. கழுத்தில் டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, பிள்ளையை அழைத்துப் போகக் காத்திருந்தார். பெற்றோர் முன்னால் ஏதாவது செய்து காட்டாவிட்டால் மாஸ்டருக்குத் தூக்கம் வராது. “வாங்க டாக்டர். எந்தப் பக்கத்துலேருந்து வேணும்னாலும் என்னைப் பிடிங்க” என்றார்.

டாக்டர் தயங்கினார், டையைச் சட்டைக்குள் செருகினார், சட்டென்று குனிந்து மாஸ்டரின் இரண்டு முழங்காலையும் சேர்த்து அணைத்தார். மாஸ்டரின் குத்து வழக்கம்போல் மூக்குக்கு முன்னால் நிற்கப் போனது. மூக்குதான் அங்கே இல்லை. அடுத்த நொடி மாஸ்டர் மல்லாந்து கிடந்தார், டாக்டர் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தார். கலையின் எந்தப் பாடத்திலும் மாஸ்டர் படுத்திருக்கவில்லை. கைகாலை உதறிப் பார்த்தார். கவிழ்த்துப் போட்ட கரப்பான்பூச்சிகூட அதைவிட ஒழுங்காக உதறும்.

“வலிச்சா கையைத் தூக்குங்க” என்றார் டாக்டர், தொழில் பழக்கத்தில்.

மாஸ்டர் கையைத் தூக்கவில்லை. பையன்தான் அழைத்துப் போகச் சொல்லிச் சிணுங்கி அவரைக் காப்பாற்றினான். மாஸ்டர் எழுந்து உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “எதிரியை நம்ப வைக்கணும். இதுதான் இன்னைக்குப் பாடம்” என்றார். பிள்ளைகள் நம்பினார்கள். அவரால்தான் நம்ப முடியவில்லை. மகள் கேட்ட கேள்வி இரவெல்லாம் அவர் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தது, டாக்டரைவிடக் கனமாக.

தரைச் சண்டை படித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தார். அதை எவனும் பார்க்கக் கூடாது என்றும் முடிவு செய்தார். டாக்டர் அதைப் பழகும் இடம் ஊரின் வடக்கே என்று பேச்சுவாக்கில் தெரிந்ததால், தெற்கே கடைசி பஸ் நிறுத்தத்தில், பழைய கிடங்கு ஒன்றில் இருந்த மெத்தைக் கூடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே மல்யுத்தம், ஜூடோ, குத்துச்சண்டை, பிடி, கைகால் பூட்டு எல்லாம் கலந்துகட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தக் கலையின் பெயரும் வாசலில் இல்லை. இரண்டு பஸ் மாறி, தொப்பி வைத்து, கறுப்புக் கண்ணாடி போட்டுப் போனார். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் “இன்ஷூரன்ஸ்” என்றார்.

எல்லாம் சரியாகத்தான் போனது. ஆனால் மெத்தையில் காலை வைப்பதற்கு முன்னால் உடம்பு தானாகவே குனிந்து வணங்கிவிட்டது. வெறும் மெத்தையை, நெற்றி முழங்காலைத் தொடும்படி. நிமிர்ந்து பார்த்தால், பக்கத்தில் ஒருவர் உள்ளங்கையில் முஷ்டியை வைத்து அதே மெத்தையை வணங்கிக்கொண்டிருந்தார். மீசையை மழித்திருந்தார். ஆனாலும் அந்த மேலுதடு யாருடையது என்று தெரியாமல் போகுமா? அந்தப் பக்கம் இன்னொருவர் நின்ற இடத்திலேயே இரண்டு காலிலும் மாறி மாறிக் குதித்துக்கொண்டிருந்தார். உதை மாஸ்டர்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மானமுள்ளவர்கள் எல்லாருக்கும் கடைசி நிறுத்தம்தான் தோன்றும்போல.

“நான் வீட்டு புரோக்கர்” என்றார் மீசை மாஸ்டர் அவசரமாக.

“நான் ஏ.சி. ரிப்பேர்” என்றார் உதை மாஸ்டர்.

“இன்ஷூரன்ஸ்” என்றார் மாஸ்டர். மூவரும் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்து, புதியவர்களுக்குப் பாடம் எடுக்கிற உதவிப் பயிற்சியாளர் வந்தாள். வாயிலிருந்து ரப்பர் உறையை எடுத்து ஒரு சின்ன நீல டப்பாவில் போட்டாள். மாஸ்டரின் மகள்.

மாஸ்டருக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. மெத்தை இருந்ததால் அதுவும் முடியவில்லை. அவள் மூன்று முகங்களையும் மெதுவாகப் பார்த்தாள். மூவரின் மடியிலும் வளர்ந்தவள் அவள்.

“எல்லாரும் புதுசா? நல்லது” என்றாள். “என்ன வேலை பண்றீங்க?”

மூவரும் சொன்னார்கள். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. “சரி. புரோக்கர் சார், ஏ.சி. சார், இன்ஷூரன்ஸ் சார். முதல்ல விழக் கத்துக்கலாம்.”

வாழ்நாள் முழுக்க விழாமல் இருக்கப் பழகியவர்களுக்கு விழுவது லேசான காரியமா? மாஸ்டர் விழும்போதெல்லாம் அடிவயிற்றிலிருந்து கத்தினார். மீசை மாஸ்டர் விழுகிற வழியில் கொக்குபோல் ஒரு நிலை எடுத்தார். உதை மாஸ்டர் விழுந்த பிறகும் குதித்தார். “தாடையை உள்ள இழுங்க சார். தலை அடிபடும்” என்று அவள் ஒவ்வொருவராகத் திருத்தினாள். பொறுமையாக, கேலி இல்லாமல். மாஸ்டர் தன் வகுப்பில் இவ்வளவு பொறுமையாக யாரிடமும் பேசியதில்லை. அது அவருக்கே உறைத்தது.

பிறகு ஜோடி சேர்த்து விட்டாள். மாஸ்டரின் கை மீசை மாஸ்டரின் கழுத்தைச் சுற்றிப் போய், கழுத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

“சார், கழுத்து இன்னும் உள்ள இருக்கு” என்றார் மீசை மாஸ்டர்.

“தொடணும் இன்ஷூரன்ஸ் சார்” என்றாள் மகள். “தொடாம யாரையும் பிடிச்சு வைக்க முடியாது.”

மாஸ்டர் தொட்டார். மீசை மாஸ்டரும் பதிலுக்கு அவர் கழுத்தைப் பிடித்தார். பிடிபட்டவர் தோற்றதாக ஒத்துக்கொள்ள வேண்டுமானால் கையால் தட்ட வேண்டும் என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் தட்டவில்லை. இருவர் முகமும் சிவந்து, பிறகு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அப்போதும் தட்டவில்லை. ஏ.சி. சார் பயந்துபோய் நடுவில் தன் கையை விட்டுத் தட்டினார். அவள்தான் வந்து பிரித்தாள்.

“எல்லாரும் கேளுங்க. இந்தக் கூடத்துல இருக்கிறது ஒரே ஒரு சட்டம்தான். தட்டினா விட்டுடணும். அந்த நிமிஷமே. ஏன் தட்டினேன்னு கேட்கக் கூடாது, வெளியில போய்ச் சொல்லிக் காட்டக் கூடாது. தட்டுறவங்களும் பார்ட்னருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாத் தட்டணும். காத்துல கையை ஆட்டினா கணக்கு இல்ல.” சொல்லிவிட்டு மாஸ்டரைப் பார்த்தாள். “படுங்க சார், காட்டுறேன்.”

அவள் கை அவர் தோளுக்கும் கழுத்துக்கும் குறுக்கே விழுந்தது. நெருக்கி வந்தது. மாஸ்டர் பல்லைக் கடித்தார். மேலே விளக்கு மங்கியது. அந்த மங்கலில், அன்றைக்குப் பட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் அவள் தன் முகத்தைப் பார்த்த பார்வை அவருக்கு ஞாபகம் வந்தது. விட்டுடுங்கப்பா என்றுதான் அந்தப் பார்வை கேட்டது. அன்று அவருக்கும் அது புரிந்தது. புரிந்தும் விடவில்லை. வரிசையில் பிள்ளைகள் நின்றார்களே, எப்படி விடுவது?

மாஸ்டர் தட்டினார். இரண்டாவது தட்டு மெத்தையில் விழுவதற்குள் அவள் கை விலகியிருந்தது. இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தவருக்குக் கண்ணில் நீர் வந்தது. கழுத்து வலிதான் என்று புரோக்கரும் ஏ.சி.யும் ஆறுதல் சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவர் பின்னால். ஒரே நிறுத்தத்தில் இறங்கி, ஒரே தெருவில், இடைவெளி விட்டு நடந்தார்கள். மனைவி இரண்டு பேரின் முழங்கையிலும் ஒரே இடத்தில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தாள். களிம்பு டப்பாவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

மாஸ்டர் டப்பாவை மகள் பக்கம் நகர்த்தினார். பிறகு உள்ளங்கையால் மேசையை இரண்டு தடவை தட்டினார். மெதுவாகத்தான்.

மகள் மென்றுகொண்டே நிமிர்ந்தாள். “சத்தமாத் தட்டணும்னு சொன்னேனே சார்” என்றாள். “பிடிச்ச இடத்துலதான் தட்டணும். நீங்க என்னைப் பிடிச்சது இங்க இல்ல, உங்க மாடியில.”

“நாளைக்குச் சாயங்காலம் மேல வா” என்றார் மாஸ்டர். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் மதியம் மீசை மாஸ்டர் போன் செய்தார். குரலில் குஷி. “மாஸ்டர், நான் பலகையை மாத்தியாச்சு. தரைச் சண்டை குங்ஃபூவுல ஆதியிலேயே இருந்திருக்கு, பெரியவங்க ரகசியமா வச்சிருந்தாங்கன்னு எழுதிட்டேன். உதை மாஸ்டரும் அப்படியே எழுதச் சொல்லிட்டாரு. நீங்களும் அதே மாதிரி எழுதிடுங்க. சொல்லித் தந்த மாதிரியும் ஆச்சு, யாரும் தோத்த மாதிரியும் ஆகாது. பெயிண்டர் மூணுக்கும் சேர்த்துக் குறைச்சுத் தர்றேன்னான்.”

எவ்வளவு அழகான வழி. மாஸ்டர் மனசு துள்ளிக் குதித்தது. மகளையும் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம், பலகையும் சாயாது. கண்ணாடி முன்னால் நின்று பேச்சைத் தயார் செய்தார். ‘நம் கலையின் ஆழத்தில் மறைந்திருந்த ஒரு ரகசியத்தை, உங்கள் தகுதியைச் சோதித்தபின் இன்று வெளியிடுகிறேன்.’ சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மைபோல் ஆகிவிட்டது. மனைவி கதவோரம் நின்று கேட்டுவிட்டு, “காத்து நல்லா வருது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மாலை பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மாஸ்டர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, “நம் கலையின் ஆழத்தில்” என்று ஆரம்பித்தார். அப்போது மகள் படியேறி வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. வாசலுக்கு வெளியிலேயே, வெளியாளைப்போல் நின்றாள். பட்டையைக் கழற்றிய அன்றைய அதே முகம்.

மாஸ்டருக்குப் பேச்சு அங்கேயே நின்றுபோனது. ஆழமாவது, ரகசியமாவது. அவள்தான் கேட்டாள், இவருக்குத் தெரியவில்லை, தெரியாததற்கு அவளை வெளியே அனுப்பினார். நடந்தது அவ்வளவுதான். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். வழக்கமான எண்ணிக்கைதான் நாக்கில் வந்து நின்றது. இத்தனை வருஷமாக எண்ணிக்கையைத் தவிர வேறெதையும் கத்திப் பழகாத வாய்.

ஆகவே மாஸ்டர் விழுந்தார். அத்தனை பேர் முன்னாலும், பலகைக்கு நேர் கீழே, முழங்காலை மடக்கி, முதுகை உருட்டி, தொப்பென்று. விழுந்த கையோடு உள்ளங்கையால் தரையை ஓங்கித் தட்டினார். ஒன்று, இரண்டு.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, மாஸ்டர் எதைச் செய்தாலும் திருப்பிச் செய்ய வேண்டும் என்று பழக்கப்பட்ட அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் தொப்தொப்பென்று விழுந்தார்கள். அத்தனை கைகளும் தரையை இரண்டு தடவை தட்டின. கட்டடமே அதிர்ந்தது. கீழேயிருந்து கம்பி கூரையை இடித்தது, டயர் கடைக்காரர் ஏதோ கத்திக்கொண்டே படியேறும் சத்தம் கேட்டது. மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. தரையில் கிடந்தபடியே வாசலைப் பார்த்தார். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மகள் செருப்பைக் கழற்றினாள். பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கீழேயிருந்து பார்த்தவருக்குத் தெரியவில்லை.

“விட்டாச்சுப்பா” என்றாள்.

பள்ளிக்குள் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். மாஸ்டர் அதைத் திருத்தவில்லை.

“ஆனா தாடை உள்ள வரலை” என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “நேத்து அவ்வளவு சொன்னேன்.”

மாஸ்டர் படுத்தவாக்கில் தாடையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கிடந்த பிள்ளைகளும் தாடையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.